பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வாக்கி டாக்கி வாங்கப் போகிறவர்கள் வாய் திறந்ததும் கேட்பது இதைத்தான்: "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும் அண்ணே?" நாலைந்து ஜீப் சேர்ந்து மண்பாதையில் போகிற குழுவுக்கு இது தேவையே இல்லாத கேள்வி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆறு வண்டிகள் வரிசையாக ஏறினால், முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். உங்களுக்குப் பேச வேண்டிய தூரம் அவ்வளவுதான்.

பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று அச்சடித்திருப்பதும் முழுப் பொய் இல்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த இரண்டு செட்டுகளுக்கு நடுவே மரம், மேடு, கட்டிடம் எதுவும் இல்லாவிட்டால், பூமியின் வளைவு மறைக்கும் வரை ஏறக்குறைய அந்தக் கணக்குதான் வரும். நீங்களோ இரும்புக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, செட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதிக வாட் செட் வாங்கினால் சரியாகிவிடுமா? வெட்டவெளியிலேயே தூரம் இரட்டிப்பாக வாட் நாலு மடங்காக வேண்டும். குறுக்கே குன்று நின்றால் அதுவும் உதவாது.

இந்த வாட் ஆசையில்தான் அடுத்த தவறு நடக்கிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 5 வாட் சீன செட்டுகளில் பல 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400க்கு மேலும் எங்கே திருப்பினாலும் பேசும். காசிமேட்டுப் படகுகள் ஆபத்தில் கூப்பிடும் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அதற்குள்தான் இருக்கிறது. தெரியாமல் அங்கே உட்கார்ந்து "மச்சி, டீக்கு நிறுத்தலாமா?" என்று கேட்பது விளையாட்டு இல்லை. இந்த மாதிரி செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

லைசென்ஸ் இல்லாமல் நம்மைப் போன்றவர்கள் பேச 2018 முதல் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறது. அரை வாட்தான். ஆனால் மேலே சொன்ன ஒரு கிலோமீட்டருக்கு அது போதும். வாங்கும்போது அலைவரிசை இதுதானா, மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் இ.டி.ஏ. சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 2025இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்படி ஆன்லைன் விற்பனையாளர்கள் இந்த விவரங்களைச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

யூடியூப் பார்த்து வாங்குவதும் ஒரு வியாதி. ஆஸ்திரேலியாக்காரர்கள் 476–477 மெகாஹெர்ட்ஸில் 80 சேனல் வைத்துக்கொண்டு பாலைவனத்தில் பேசுவார்கள். அமெரிக்காவில் 462, 467 பக்கம். அங்கே அது சட்டப்படி சரி. லீவுக்கு வரும் மச்சான் சூட்கேஸில் கொண்டுவந்து கொடுத்தால் இங்கே அது சரியாகிவிடாது. பொதுமக்கள் பேசுவதற்கென்றே உள்ள 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்ட் இங்கேயும் 5 வாட் வரை லைசென்ஸ் கேட்காது. ஆனால் கால் அலை நீள ஆன்டெனாவே இரண்டே முக்கால் மீட்டர். புளியமரக் கிளையில் மாட்டாமல் ஓட்டிக் காட்டுங்கள் பார்ப்போம். ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ, அருமையான வழி, நானே பரிந்துரைப்பேன். ஆனால் பரீட்சை எழுத வேண்டும். ஐந்து வண்டியில் ஒருவர் மட்டும் பாஸ் செய்திருந்தால் மற்ற நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்கத்தான் முடியும்.

சாட்டிலைட் போனும் சாட்டிலைட் மெசேஜ் கருவியும் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். இந்தியாவுக்குள் அவற்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

இனி, நாங்களே செய்த தவறு. ஜவ்வாது மலைப் பயணத்தில் ஐந்து வண்டிக்கும் ஒரே மாடல் செட். எல்லாம் சேனல் 4. இருந்தும் நாலாவது வண்டிக்கு மட்டும் எங்கள் குரல் கேட்கவே இல்லை. பிரிவுப் பாதையில் அவர் நேரே போக, நாங்கள் இடப்பக்கம் திரும்ப, அரை மணி நேரம் போயிற்று. காரணம், அவர் செட்டில் "பிரைவசி கோட்" 12 என்று யாரோ அழுத்திவிட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் ரகசியமும் இல்லை, பூட்டும் இல்லை. காதுக்குக் கேட்காத மெல்லிய தொனி ஒன்று குரலோடு போகும். அந்தத் தொனி இல்லாத குரலை உங்கள் செட் ஒலிக்காது, அவ்வளவே. நீங்கள் பேசுவதை அந்தச் சேனலில் இருக்கும் எவரும் கேட்கலாம். அதனால் புறப்படும் முன்பே எல்லா செட்டிலும் இந்தக் கோட் எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள்.

பட்டனை அழுத்தியதுமே பேச ஆரம்பிக்கிறவர்களின் முதல் வார்த்தை எப்போதும் வெட்டுப்படும். "நிறுத்து" என்பது "த்து" என்று போய்ச் சேரும். அழுத்திவிட்டு ஒரு நொடி பொறுங்கள். செட்டைக் கண்ணாடி ஓரமாக, நிமிர்த்திப் பிடியுங்கள். பேசி முடித்ததும் டாஷ்போர்டில் போட்டுவிடாதீர்கள், மே மாத வெயிலில் லித்தியம் பேட்டரி தாங்காது. வளைவு மறைத்து முன்வண்டியும் பின்வண்டியும் கேட்டுக்கொள்ள முடியாதபோது, நடுவில் போகிறவர் செய்தியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அரட்டை அடிக்காதவரை வையுங்கள்.

இதையெல்லாம் மலையில் போய்ப் பழக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி முதல் டீக்கடையில் நிறுத்தி, ஒவ்வொரு வண்டியாக "கேட்குதா?" என்று கேளுங்கள். யாராவது கையை மட்டும் ஆட்டினால், அவர் செட்டை வாங்கிப் பாருங்கள்.