சாடிக்குள் இருக்கும் கை: டொக்டர் ஹூவையும் கிளைத்தொடர்களையும் எந்த ஒழுங்கில் பார்ப்பது

2005இல் மீண்டும் தொடங்கிய பீபீசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டொக்டர் ஹூவை முதன்முதலாகப் பார்க்க விரும்புகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை, "முதலில் பெரிய தொடரை முடியுங்கோ, கிளைத்தொடர்களைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்" என்பதுதான். அதைக் கேட்காதீர்கள். 2005 முதல் 2010 வரை வந்த டொக்டர் ஹூ, அதன் கிளைத்தொடர்களான டோர்ச்வூட், சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ் மூன்றும் பன்பாய் இழைத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய் வருகின்றன. ஒன்றை உருவி எடுத்தால் மற்ற இரண்டும் தளரும்.

இதற்கு ஒரு கை சாட்சி. 2005 நத்தார் தினத்தில் ஒளிபரப்பான 'த கிறிஸ்மஸ் இன்வேஷன்' கதையில் வாள்சண்டையின்போது, காலப்பயணம் செய்யும் வேற்றுலகவாசியான டொக்டரின் கை துண்டாகிக் கீழே விழுகிறது. அவருக்குப் புதுக் கை முளைத்துவிடுகிறது. விழுந்த கையை அப்போது யாரும் தேடுவதில்லை. அடுத்த ஆண்டு டோர்ச்வூட்டின் முதல் எபிசோடில், டோர்ச்வூட் என்ற இரகசிய அமைப்பு கார்டிஃப் நகரில் வைத்திருக்கும் நிலத்தடித் தளத்தில், கண்ணாடிச் சாடிக்குள் அதே கை மிதக்கிறது. அந்த சீசன் முடியும் நேரம் சாடிக்குள் குமிழி எழும்பும். டொக்டர் ஹூ மூன்றாம் சீசனின் 11ஆம் எபிசோட் 'யுட்டோப்பியா' தொடங்கும்போது டோர்ச்வூட்டின் தலைவர் ஜாக் முதுகுப்பையோடு டொக்டரின் காலப்பயண ஊர்தியான டார்டிஸை நோக்கி ஓடிவருவார். பைக்குள் இருப்பது அந்தச் சாடி. நான்காம் சீசனின் கடைசிக் கதை திரும்புவதே அந்தக் கையால். டோர்ச்வூட்டைத் தள்ளிவைத்தவருக்கு அது எங்கிருந்தோ வந்த ஒரு பை மட்டும்தான்.

தொடங்க வேண்டியது முதல் சீசனின் முதல் எபிசோட் 'ரோஸ்'. புதியவருக்கு 'பிளிங்க்' எபிசோடை முதலில் போட்டுக் காட்டும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. 2007இல் வந்த அது அருமையான கதை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் டொக்டர் மிகக் குறைவாகத்தான் வருகிறார். அதைப் பார்த்து மயங்கியவர் அடுத்த நாள் அதே மாதிரி ஒன்றை எதிர்பார்த்து வந்து ஏமாறுவார். 'ரோஸ்' கொஞ்சம் முரடான எபிசோட். கடைப் பொம்மைகள் உயிர்பெற்றுத் தாக்கும் காட்சிகளில் செலவுக் குறைவு தெரியும். பரவாயில்லை. டொக்டரை ஒரு சாதாரணக் கடைப்பெண்ணின் கண்ணால் அறிமுகப்படுத்தும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

ஒரு எபிசோட் ஏறத்தாழ 45 நிமிடம். ஒரு மாலைக்கு இரண்டு போதும். அப்படிப் பார்த்தால் 13 எபிசோட் கொண்ட முதல் சீசன் ஏழு மாலையில் முடியும். இதில் இரண்டு எபிசோடைப் பலர் தாண்டிப் போவார்கள், தாண்டக்கூடாது. மூன்றாவதான 'தி அன்குவையட் டெட்' 1869ஆம் ஆண்டுக் கார்டிஃபில் நடக்கிறது. அங்குள்ள காலப்பிளவு முதலில் வருவது இதில்தான். 11ஆவதான 'பூம் டவுன்' தனிக் கதையாகப் பலவீனமானது, ஆனால் அந்தப் பிளவை விளக்குவது அதுதான். டோர்ச்வூட் ஏன் லண்டனை விட்டுக் கார்டிஃபில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இந்த இரண்டிலும் இருக்கிறது. 9, 10 இரண்டும் ஒரே கதை, ஜாக் அறிமுகமாகும் இடம். அவற்றை ஒரே மாலையில் பாருங்கள். வாயுமுகமூடி போட்ட பிள்ளை "அம்மா" என்று கேட்டு வரும் கதை அது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லதல்ல.

அடுத்து 'த கிறிஸ்மஸ் இன்வேஷன்'. பிறகு இரண்டாம் சீசனின் மூன்றாம் எபிசோட் 'ஸ்கூல் ரீயூனியன்' வருமுன் ஒரு பழைய கதைக்கு இடம் வையுங்கள்: 1976இன் 'த ஹேண்ட் ஒஃப் ஃபியர்', நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 25 நிமிடம். நேரம் இல்லாதவர் நான்காம் பகுதியின் கடைசி நிமிடங்களையாவது பார்க்கவேண்டும். தன்னோடு பயணித்த தோழி சாரா ஜேனை அவளுடைய ஊரான குரோய்டனில் இறக்கிவிட்டதாக டொக்டர் நினைத்துக்கொண்டு புறப்பட்டுப் போகிறார். நின்று சுற்றிப் பார்க்கும் அவள் முகம் வேறு சொல்கிறது. முப்பது வருடம் கழித்து 'ஸ்கூல் ரீயூனிய'னில் அதே நடிகை எலிசபெத் ஸ்லேடன், அது குரோய்டன் இல்லை, அபர்டீன் என்று அவருக்குச் சொல்கிறார். பழைய காட்சியைப் பார்க்காதவருக்கு அது வெறும் பகிடி. பார்த்தவருக்கு, ஒரு பெண் முப்பது வருடம் மனதில் வைத்திருந்த கணக்கு. சாரா ஜேனின் தனித் தொடர் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இரண்டாம் சீசன் முடிந்ததும் டோர்ச்வூட் முதல் சீசன். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் டீவி இருப்பது எல்லாரும் இருக்கும் ஹோலில், அதனால் இதை முன்கூட்டியே யோசிக்கவேண்டும். டோர்ச்வூட் பெரியவர்களுக்கான தொடர்: படுக்கையறைக் காட்சியும் இரத்தமும் தாராளம். அம்மம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படுத்த பிறகு, அல்லது வேறு அறையில் மடிகணினியில் பார்க்கலாம். சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ் இதற்கு நேரெதிர். பீபீசியின் சிறுவர் அலைவரிசைக்காக எடுத்தது. ஜாக்கைப் பிடித்துப்போன பிள்ளை டோர்ச்வூட் கேட்கும். வீட்டாரிடம் வித்தியாசத்தை முதலே சொல்லிவையுங்கள்.

டோர்ச்வூட் முதல் சீசனின் 13உம் ஒரே தரமில்லை. 1, 12, 13 கட்டாயம். 12 நேராக 13க்குள் போகிறது, இடையில் நாள் விடாதீர்கள். 10ஆவதான 'அவுட் ஒஃப் டைம்' அந்த சீசனிலேயே சிறந்தது: 1953இல் புறப்பட்ட சிறு விமானம் இன்றைய கார்டிஃபில் இறங்குகிறது, அதில் வந்த மூன்று பேரும் திரும்பிப் போக வழியில்லை. அசுரன் இல்லை, துவக்கு இல்லை, மூன்று மனிதரின் தவிப்பு மட்டும். நான்காவதான 'சைபர்வுமன்' மோசமாக எடுக்கப்பட்டது. ஆனால் டோர்ச்வூட் குழுவில் ஒருவரான யான்டோ யார் என்பது அதில்தான் தெரியவரும் என்பதால் பொறுத்துப் பாருங்கள். இரண்டாம் எபிசோடை விட்டால் நட்டமில்லை.

அடுத்தது டொக்டர் ஹூ மூன்றாம் சீசன். அதன் கடைசி மூன்றும் ஒரே கதை. 'யுட்டோப்பியா'வை ஒரு வெள்ளியிரவில் வைத்தால் மற்ற இரண்டையும் மறுநாளே பார்க்கலாம். அதற்குப் பிறகு நான்காம் சீசனுக்கு ஓடாதீர்கள். முதலில் சாரா ஜேன் முதல் சீசன், பிறகு டோர்ச்வூட் இரண்டாம் சீசன். மூன்றாம் சீசனில் டொக்டரோடு பயணித்த மார்த்தா அங்கே 6, 7, 8 எபிசோட்களில் வருகிறார், அது மூன்றாம் சீசனின் முடிவுக்குப் பிந்திய மார்த்தா. 12ஆவதான 'ஃபிராக்மென்ட்ஸ்' பார்க்காமல் 13ஐத் தொட்டால் அதன் அடி பாதிதான் விழும்.

இந்த உழைப்பெல்லாம் பலிக்கும் இடம் நான்காம் சீசனின் 11ஆம் எபிசோட் 'டர்ன் லெஃப்ட்'. டொக்டர் இல்லாத ஓர் உலகம். அதில் ஒரு செய்தி அறிக்கை சில விநாடிகளே ஓடும், சில பெயர்கள் சொல்லப்படும். கொஞ்சம் பொறுத்து இன்னொருவர் வாயால் இன்னும் சில பெயர்கள். கிளைத்தொடர்களைப் பார்க்காதவர் அந்த நேரத்தில் தேத்தண்ணி எடுக்கப் போய்விடுவார். பார்த்தவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த இரண்டு எபிசோடிலும் எல்லாரும் ஒரே திரையில் வரும்போது யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இனிக் கருவிகள் பற்றி, ஏனென்றால் ஒழுங்கு சரியாக இருந்தும் சத்தம் கேட்காததால் எழும்பிப் போனவர்கள் அதிகம். இந்தத் தொடரில் பின்னணி இசை பேச்சை மூடும். ஆறு ஸ்பீக்கருக்கென்று செய்த 5.1 ஒலியைச் சாதாரண இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் பேச்சு இன்னும் அமுங்கும்; ஸ்டீரியோ ட்ராக் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் வாயசைவுக்குப் பின்னால் குரல் வருவதுண்டு, வயரால் இணைத்தால் அந்தப் பிரச்சினை போகும். மின்விசிறியைக் கடைசி வேகத்தில் விட்டால் எந்த ஸ்பீக்கரும் உதவாது.

சப்டைட்டில் கட்டாயம். அது பிந்தினால் முதலில் எப்படிப் பிந்துகிறது என்று பாருங்கள். தொடக்கம் முதல் ஒரே அளவு பிந்தினால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டிச் சரிசெய்யலாம், ஒரு தட்டுக்கு 50 மில்லிவிநாடி. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அந்த விசைகளால் பயனில்லை. பீபீசியின் படம் விநாடிக்கு 25 பிரேம், 23.976 பிரேமுக்குச் செய்த சப்டைட்டிலைப் போட்டால் 45 நிமிட முடிவில் வித்தியாசம் இரண்டு நிமிடத்தை நெருங்கும். சப்டைட்டிலின் பிரேம் வேகத்தை 25க்கு மாற்றவேண்டும்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரரிடம் டிவிடி சொல்லி அனுப்புகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று: டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை ரீஜியன் எண் தீர்மானிக்கும். அங்கத்தைய டிவிடி ரீஜியன் 2, இலங்கை ரீஜியன் 5. எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் இல்லாவிட்டால் தட்டு சுழலும், படம் வராது.

டொக்டர் ஹூ நான்காம் சீசன் முடிந்தபின் டோர்ச்வூட்டின் மூன்றாம் பாகம் 'சில்ட்ரன் ஒஃப் எர்த்'. 2009 ஜூலை 6 முதல் 10 வரை, திங்கள் தொடங்கி வெள்ளி வரை, இரவுக்கு ஒன்றாக ஐந்து பகுதி. அப்படியே பாருங்கள். உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் நின்று ஒரே குரலில் பேசுகிறார்கள். அந்தப் பயம் ஒரு நாள் முழுக்க மனதில் கிடந்து ஊறவேண்டும். ஐந்தையும் ஒரே இரவில் விழுங்கினால் நான்காம் நாளின் கனம் தெரியாது. வைகாசியில் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு நடக்கும் கிழமையைத் தவிருங்கள், ஒலிபெருக்கிக்கு முன் ஒரு வசனமும் கேட்காது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் வருவதென்றால் தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு வையுங்கள். மாரி மழைக் காலத்தில் மடிகணினியின் பேட்டரியை நிரப்பிவைத்து அதிலேயே ஓடவிடுங்கள். கரண்ட் போனாலும் கதை நிற்காது.

சாரா ஜேனில் தவறவிடக்கூடாதவை 'டிரிக்ஸ்டர்' என்ற வில்லன் வரும் மூன்று கதைகள். முதல் சீசனின் 'வட்எவர் ஹப்பண்ட் டு சாரா ஜேன்', இரண்டாவதில் 'த டெம்ப்டேஷன்', மூன்றாவதில் 'த வெடிங்', இதே வரிசையில். பெரிய தொடரின் பல கதைகளைவிட இவை மேல். ஐந்தாம் சீசனில் மூன்று கதைதான் இருக்கும். ஸ்லேடன் 2011 ஏப்ரலில் காலமானார்.

டோர்ச்வூட்டின் நான்காம் பாகமான 2011இன் 'மிரக்கிள் டே'யில் கரு நல்லது: ஒரு நாள் முதல் உலகத்தில் யாருமே சாவதில்லை. ஐந்து எபிசோடுக்கான கதையைப் பத்துக்கு இழுத்துவிட்டார்கள். 2016இல் வந்த இன்னொரு கிளைத்தொடர் 'கிளாஸ்' எட்டே எபிசோட், முதலாவதில் டொக்டர் வந்துபோவார். 1963இன் முதல் எபிசோடில் வந்த அதே கோல் ஹில் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. முடிவு தொங்கலில் நிற்கும், இரண்டாம் சீசன் வரவில்லை. பார்க்கத் தொடங்குகிறவரிடம் அதை முதலே சொல்லிவிடுங்கள்.