எரிபொருள் கிடங்கில் எண்ணெய் சிந்தினால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசலோ பெட்ரோலோ சிந்தியதும் பலருடைய கை முதலில் தண்ணீர்க் குழாயைத் தேடும். தரை சுத்தமாகிவிடும்தான். ஆனால் எண்ணெய் மழைநீர் வடிகால் வழியாக ஓடைக்குப் போயிருக்கும். சோப்புத் தூள் போட்டுக் கழுவுவது இன்னும் மோசம். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீரில் கலந்துவிடுவதால், எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியில் மேலே மிதக்காமல் நேராக வெளியே போய்விடும்.

துடைப்பது கடைசி வேலை. முதலில் ஆட்களை விலக்க வேண்டும், தீப்பொறிக்கு வழியில்லாமல் செய்ய வேண்டும். பாதுகாப்பாக முடிந்தால் பம்பை நிறுத்தி வால்வை மூடலாம். அப்புறம் வடிகால் வாயை அடைத்து, மணலாலோ உறிஞ்சு பொருளாலோ எண்ணெய் பரவாமல் தடுக்கலாம்.

பெட்ரோலையும் டீசலையும் ஒன்றுபோல நடத்துவதும் ஆபத்து. உறைய வைக்கும் குளிரிலும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளங்களில் தேங்கும். இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று அளவுமானி சிக்கிக்கொண்டதால் ஒரு தொட்டி நிரம்பி வழிந்தது. பரவிய ஆவி வெடித்து 43 பேர் காயமடைந்தார்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்துக்கு வண்டியை எடுத்துப் போவதோ, செல்போனில் படம் பிடிக்கப் போவதோ கூடவே கூடாது.

தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவரில் மழைநீரை வெளியேற்ற ஒரு வால்வு இருக்கும். நீரை விட்டபின் அதை மூட மறந்தால், அவ்வளவு பெரிய சுவர் இருந்தும் பயனில்லை.

சரி, தகவல் சொல்வதற்கு வருவோம். என் பார்வையில் அதிகச் சேதம் விளைவது இங்கேதான். 'எவ்வளவு கொட்டியது என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நீர்நிலையின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னினாலே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எத்தனை லிட்டர் என்பது அங்கே கேள்வியே இல்லை. 2020 மே மாதம் ரஷ்யாவின் நொரில்ஸ்க் நகரில் சுமார் 20,000 டன் டீசல் கொட்டியபோது, அரசு அமைப்புகளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்ததா என்று அதிபர் புதினே வெளிப்படையாகக் கடிந்துகொண்டார்.

முதல் அழைப்பில் இடம், நேரம், என்ன எண்ணெய், கசிவு நின்றதா, எந்தப் பக்கம் ஓடுகிறது, யாருக்காவது அடிபட்டதா என்பவை போதும். அளவைத் தோராயமாகச் சொல்லுங்கள், தோராயம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு தொட்டியில் மீதமுள்ள எண்ணெயின் அளவைப் பார்த்துத் திருத்தலாம். பழி வருமே என்று குறைத்துச் சொன்னால், வருகிற உதவியும் குறைவாகவே வரும். மேலாளரிடம் சொன்னதோடு கடமை முடிந்தது என்றும் இருக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கும் சுற்றுச்சூழல் அதிகாரிக்கும் யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

எண்ணெய் ஊறிய மணலைச் சாதாரணக் குப்பையில் கொட்டாமல், மூடிய டிரம்மில் போட்டு அபாயக் கழிவாகவே அனுப்ப வேண்டும்.