ஆபீஸ் டீக்கு பேப்பர் கப் வேண்டாமே!

அலுவலகத்தில் குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் டீ நேரத்திலிருந்து தொடங்கலாம். 30 பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்குத் தினம் 2 டீ என்றால், 25 வேலை நாளில் 1,500 கப். பேப்பர்தானே, மக்கிவிடும் என்று நினைப்போம். ஆனால் டீ ஊறிக் கசியாமல் இருக்க, வழக்கமான பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதனால் பழைய பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சி செய்வதும் கஷ்டம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு.

ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிவிடுங்கள். பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். யாருடையது என்ற குழப்பம் வராது. டீயைக் கடையிலிருந்து ஃபிளாஸ்கில் வாங்கிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வருபவர்களுக்கென்று அரை டஜன் டம்ளர் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது வந்ததுமே பேப்பர் கப் பாக்கெட் திரும்ப வந்துவிடும்.

யார் கழுவுவது என்பதில்தான் இந்த ஏற்பாடு பெரும்பாலும் நின்றுபோகிறது. கூட்டிப் பெருக்க வரும் அக்கா தலையில் கட்டாதீர்கள், அது நியாயமே இல்லை. அவரவர் டம்ளரை அவரவரே கழுவட்டும். சிங்க் பக்கத்தில் சோப்பு, நார், டம்ளரைக் கவிழ்த்து வைக்க ஒரு கூடை இருந்தால் போதும்.

அப்புறம், பிரின்டரில் இரண்டு பக்கமும் அச்சாகும்படி செட்டிங்கை மாற்றி வைத்துவிடுங்கள். ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்களை நறுக்கி கிளிப் போட்டால், போன் பக்கத்தில் குறிப்பெழுத வைத்துக்கொள்ளலாம்.