லாங் ரைடுக்கு எக்ஸ்பல்ஸ், ஹிமாலயனை மாற்றுவது எப்படி: விண்ட்ஷீல்டைக் கடைசியில் வாங்குங்கள்

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி மண்ரோட்டுக்கும் தார்ரோட்டுக்கும் பொதுவான பைக் எடுக்கிற முக்கால்வாசிப் பேர் முதலில் ஆர்டர் போடுவது ஒரு உயரமான விண்ட்ஷீல்டு. அப்புறம் ஹேண்டிலை உயர்த்தித் தரும் ரைசர், அதுக்கப்புறம் சீட். இந்த வரிசையே தலைகீழ். சீட் ஒரு அங்குலம் ஏறினால் தலையும் ஒரு அங்குலம் ஏறும், ஹேண்டில் உயர்ந்தால் முதுகு நிமிரும், முதுகு நிமிர்ந்தால் ஹெல்மெட்டில் காற்று அடிக்கிற இடமே மாறிவிடும், ஆக முதலில் காசு போட்டு வாங்கிய விண்ட்ஷீல்டு கடைசியில் பொருந்தாமல் பரணுக்குப் போகும். கீழிருந்து மேலே போவோம்.

முதலில் ஒரு டெஸ்ட் ரூட்

நேர் ரோடும் மலையும் கலந்த ஒரே பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோவைக்காரர்களுக்குப் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை, 40 ஹேர்பின். ஈரோடு பக்கம் என்றால் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் 27 வளைவு ஏறி ஆசனூர் (புலிகள் காப்பகம், பகலிலேயே போய்த் திரும்பிவிடுங்கள்). நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலையின் 70 வளைவு இருக்கவே இருக்கிறது. எதையும் மாற்றாமல் ஒருமுறை போய், எங்கே முதலில் வலித்தது, எவ்வளவு நேரத்தில் வலித்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

காசில்லாத வேலைகள்

டயர் காற்று: காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு. பங்க்கில் கேட்காமலே ஏற்றிவிடுகிற அதிகக் காற்று ஒவ்வொரு குழியையும் நேராக முதுகுத்தண்டுக்கு அனுப்பும்.

கிளட்ச், பிரேக் லிவர்: சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். லிவர் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தித் திருப்பினால் போதும். நிறைய நேரம் நின்று ஓட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே திருப்பிக்கொள்ளலாம்.

பின் ஷாக் அப்சார்பர்: ஒரு டேப்பும் ஒரு நண்பரும்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. சும்மா சீட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அடியில் ஷாக் பாதி உட்கார்ந்துபோய்க் கிடக்கும்.

பின் வீல் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, சைடு பேனலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வண்டியை சைடு ஸ்டாண்டு பக்கமாகச் சாய்த்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்ஸில் நடுவிலிருந்து அந்த டேப் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நண்பரை அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட், பை எல்லாவற்றோடும் ஏறி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும்போது மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக், அதாவது உங்கள் எடைக்கு வண்டி இறங்குகிற அளவு. பின் சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் (டிராவல்) சுமார் 30 சதவீதம் இருந்தால் நல்லது. எக்ஸ்பல்ஸ் 200-க்குப் பின்னால் அந்தத் தூரம் 170 மில்லிமீட்டர், ஆக சேக் 50 பக்கம். ஹிமாலயன் 411-க்கு 180, ஆக 54 பக்கம். அதற்கு மேல் இறங்கினால் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவை) ஏற்றுங்கள், குறைவாக இறங்கினால் இறக்குங்கள். பின்னால் ஆள் ஏறுகிற அன்றைக்கு அளவு மாறும், அதையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது.

சீட்: மெத்தென்று இருந்தால் ஏமாறாதீர்கள்

கடையில் கையால் அமுக்கிப் பார்த்து 'ஆஹா' என்று சொல்ல வைக்கிற சீட், தாராபுரம் தாண்டுவதற்குள் அடிப்பலகையைக் காட்டிவிடும். எடையைத் தாங்குவது இரண்டு உட்காரும் எலும்புகள்தான். அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று வீட்டிலேயே பார்க்கலாம்: சிமெண்டுத் திண்ணையில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து முழங்காலைக் கொஞ்சம் தூக்குங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். நடுவிலிருந்து நடு வரை அளந்து, அந்த அளவோடு இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை சேர்த்துச் சொன்னால், சீட்டின் பின்பகுதி அவ்வளவு அகலமாகத் தட்டையாக இருக்க வேண்டும் என்று தைப்பவருக்குப் புரியும். முன்பகுதி ஒடுக்கமாகவே இருக்கட்டும், எக்ஸ்பல்ஸ் மாதிரி உயரமான வண்டியில் அகலம் கூடினால் கால் தரைக்கு எட்டாது.

ஆன்லைன் ஜெல் சீட்டை விட ஊர்ப் பட்டறையே மேல் என்பது என் கட்சி. கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு சீட் தைத்துப் பழகிய கைகள் உண்டு, ஃபோம் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க தம்பி?' என்று முதலில் கேட்கிற அண்ணனிடம் நம்பிக் கொடுக்கலாம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அடியில் கெட்டியான ரீபாண்டட் ஃபோம் (துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டியது), மேலே அதைவிட மெல்லிசாக ஒரு அடுக்கு, டேங்க்கை நோக்கிச் சறுக்காமல் மட்டமாக, உட்காரும் இடத்தில் தையல் வராமல். ரெக்ஸினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு மழைக்கு ஃபோம் தண்ணீர் குடித்து இரண்டு நாள் ஈரமாகவே இருக்கும். பழைய சீட்டைக் கிழிக்க மனசில்லை என்றால் வேறொரு பழைய சீட்டின் அடிப்பலகை வாங்கி அதில் கட்டலாம்.

இதோடு ஒரு சின்ன விஷயம். ஜீன்ஸின் தடித்த தையலும் ஈரம் பிடிக்கிற பருத்தி ஜட்டியும் நல்ல சீட்டைக்கூடக் கெடுக்கும். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, வேர்வை உறிஞ்சி சீக்கிரம் காய்கிற, தொடையில் தையல் உறுத்தாத உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹேண்டில்

சீட் முடிந்த பிறகுதான் இது. கிளாம்பின் நான்கு போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டிலை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். தோள்பட்டை இன்னும் இழுத்தால், அல்லது நின்று ஓட்டும்போது குனிய வேண்டியிருந்தால் மட்டும் ரைசர். 25 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் குறைவு. மாட்டியதும் ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பி, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எதுவும் இழுபடவில்லையா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அப்படித் திருப்பினால் ஆர்பிஎம் ஏறக்கூடாது. ஏறினால் மலை வளைவில் வண்டி தானாக முறுக்கும், அன்றைக்கு அந்த ரைசர் வேண்டாம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பிடியைத் தளர்த்திப் பாருங்கள், அப்புறம் ஹேண்டில் நுனியில் மாட்டுகிற கனமான பார் எண்டு, தடித்த கிரிப். ஃபுட்ரெஸ்ட்டில் ரப்பர் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள், கால் அதிர்வை அதுதான் குறைக்கிறது.

காற்று

இப்போது விண்ட்ஷீல்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று ஆடியில் எப்படி இருக்கும் என்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும்போது வலப்பக்கத்திலிருந்து தள்ளும். உயரமான, அகலமான கண்ணாடி அங்கே பாய்மரம்தான்.

ஆளில்லாத நேர்ரோட்டில் மிதமான வேகத்தில் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து பாருங்கள். எழுந்ததும் ஹெல்மெட் ஆட்டமும் இரைச்சலும் அடங்கினால், கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து கலங்கி வருகிற காற்று தலையில் விழுகிறது. குட்டையான கண்ணாடி போதும். குனிந்தால்தான் அடங்குகிறது என்றால் இன்னும் உயரம் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு அட்டையை வெட்டி டேப் போட்டு நீட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் காசு கொடுக்கலாம். ஹெல்மெட்டில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பீக் இருந்தால், ஹைவேக்கு மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், கழுத்து வலி பாதி அதனால்தான்.

சாமான்

பெரிய டாப் பாக்ஸ் பின்னால் உயரத்தில் ஏறினால் முன் சக்கரம் லேசாகிவிடும், மேலே சொன்ன பக்கவாட்டுக் காற்றும் பிடிக்கும். இரண்டு பக்கமும் துணிப் பை, எடை சமமாக, டூல்ஸும் தண்ணீரும் அடியில். சைலன்சர் பக்கம் பை உருகாமல் இருக்க, அதைத் தள்ளிப் பிடிக்கிற ஒரு கம்பிச் சட்டம் (ஸ்டே) வேண்டும். கோவையில் கணபதி பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பில் அளவெடுத்து வளைத்துக் கொடுப்பார்கள். சேசிஸில் மட்டும் வெல்டு வைக்க விடாதீர்கள், ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளில்தான் மாட்ட வேண்டும். சைலன்சர், எஞ்சின், ஃபிரேமை மாற்றப் போவது, வண்டியை மாற்றியமைப்பதற்குக் கட்டுப்பாடு போடுகிற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கொண்டுபோய் விடும், சொகுசுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை.

எல்லாம் மாட்டி முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஹேண்டில் கிளாம்பு, ரைசர், ஸ்டே போல்ட்டுகளை ஸ்பானர் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிதாக மாட்டியதில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.