நீங்களே போட்ட பேட்சை மூல ப்ராஜெக்ட்டில் சேர்ப்பது எப்படி

அனுபவமுள்ள சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஓப்பன் சோர்ஸில் இறங்கப் புது ப்ராஜெக்ட் தேடி அலைய வேண்டாம். டீம் தினமும் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றில் ஏதோ ஒரு பக்குக்காகத் தனி பேட்ச் (சிறு நிரல் திருத்தம்) போட்டு, வெர்ஷன் மாறும்போதெல்லாம் அதை மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். அங்கேயே தொடங்குங்கள். மூல ப்ராஜெக்ட் ஏற்றுக்கொண்டால் ஒட்டுவேலை அன்றோடு ஒழியும்.

முதலில் அனுமதி. நீங்கள் எழுதும் நிரல் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல வேலை ஒப்பந்தங்கள் சொல்கின்றன; ஆகவே எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கெர்னல் 2004 முதல் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவுசெய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்திலும்) ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி கேட்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் ‘கிட் கமிட் -எஸ்’ அதைத் தானே சேர்த்துவிடும். ஆனால் அந்த வரி “இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு” என்ற உறுதிமொழி. சம்மதம் இல்லாமல் அதைப் போடக் கூடாது.

அடுத்து, பக் எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள். இதற்குச் செலவிடும் நேரம் வீண்போகாது; காரணத்தோடு வரும் பேட்சை மெயின்டெய்னர் (ப்ராஜெக்ட்டைப் பராமரிப்பவர்) எளிதில் நம்புவார். ‘கிட் பைசெக்ட்’ ஒவ்வொரு முறையும் தேடலைப் பாதியாகக் குறைப்பதால் 1000 கமிட்டுகளுக்குச் சுமார் 10 சோதனை போதும். ‘கிட் பைசெக்ட் ரன்’ கட்டளையிடம் ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்தால் எல்லாம் தானாக நடக்கும். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் அந்தக் கமிட் நல்லது. 1 முதல் 127 வரை கெட்டது. 125 மட்டும் “சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ” என்று பொருள்.

பலர் சறுக்குவது இந்த 125-இல்தான். நடுவில் ஏதோ ஒரு பழைய கமிட்டில் பில்டே ஆகாது. பில்ட் கருவியான ‘மேக்’ 2 திருப்பும், பைசெக்ட் அதைக் கெட்டது என்று எடுத்துக்கொள்ளும், கடைசியில் சம்பந்தமில்லாத ஒருவருடைய கமிட் மீது பழி விழும். பில்ட் தோற்றால் 125 திருப்பும்படி ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு (ப்ராஜெக்ட்டின் நிரல் இருக்கும் இடத்துக்கு) வெளியே வையுங்கள். உள்ளே கமிட் செய்திருந்தால் பழைய கமிட்டுக்குப் போகும்போது அது காணாமல் போகும். முடிந்ததும் ‘கிட் பைசெக்ட் ரீசெட்’.

இப்போது டெஸ்ட் எழுதுங்கள். திருத்தம் இல்லாமல் ஓட்டினால் அது தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் அது பக்கைத் தொடவே இல்லை. அனுபவசாலிகள் செய்யும் தவறு ஒன்று உண்டு: திருத்தும் கையோடு பக்கத்து ஃபங்ஷனையும் அழகுபடுத்துவது. பழைய வெர்ஷனுக்கு எடுத்துப்போகவும் சிக்கல் வந்தால் திரும்பப்பெறவும் அந்தக் கமிட் உதவாமல் போய்விடும். அழகுபடுத்தலைத் தனிக் கமிட்டாக வையுங்கள்.

கமிட்டின் முதல் வரி சுமார் 50 எழுத்து, உடல்பகுதி வரிக்கு 72. “பார்ஸர் பக் சரிசெய்யப்பட்டது” என்பது யாருக்கும் எதுவும் சொல்லாது. “பார்ஸர்: ஹெட்டர் காலியாக இருந்தால் கிராஷ் ஆகாமல் பிழை திருப்பு” என்றால் போதும். ஏன் என்பதை உடல்பகுதியில் எழுதுங்கள்.

ரிவ்யூவில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் பதில் சொல்லுங்கள். திருத்தங்களை ‘கிட் கமிட் --ஃபிக்ஸப்’ ஆகச் சேர்த்து, பிறகு ‘கிட் ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ்’ கொண்டு ஒன்றாக்குங்கள். மறுபடி தள்ளும்போது ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’. வெறும் ‘--ஃபோர்ஸ்’ அதே பிராஞ்சில் வேறொருவர் தள்ளியதைச் சத்தமின்றி அழித்துவிடும். பதிலே வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள். கெர்னலில் இரண்டு வார மெர்ஜ் விண்டோ (அடுத்த வெர்ஷனுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) நடக்கும்போது புதுப் பேட்சுகள் பொதுவாகக் காத்திருக்கும்.

இரண்டு மூன்று பேட்ச் சேர்ந்தபின் மற்றவர்களின் பேட்சுகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகளில் ஆள் பற்றாக்குறை ரிவ்யூவில்தான். 2024-இல் ஃபைல்களைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இஸட் யூட்டில்ஸின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் புகுந்த பின்கதவு (ரகசிய நுழைவழி), டெஸ்ட் ஃபைல்களிலும் பில்ட் ஸ்கிரிப்டிலும்தான் ஒளிந்திருந்தது. ஆகவே பைனரி டெஸ்ட் ஃபைல் வந்தால் அது எப்படி உருவானது என்று கேளுங்கள்.

ரெஸ்யூமேயில் கமிட் எண்ணிக்கை எழுத வேண்டாம். சேர்க்கப்பட்ட ஒரு பேட்ச், நீங்கள் ஆழமாகச் செய்த ஒரு ரிவ்யூ, இரண்டுக்கும் லிங்க் கொடுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த விவாதத்தைத் திறந்துவைத்தே பேசலாம்.