எந்த வருஷத்து ரோனி? இரண்டு சாம்பியன்களை ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

செல்லூரில் நான் போகும் ஜிம்முக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் அங்கே நடக்கிற வாக்குவாதத்தில் பாதி, பாடிபில்டிங் சாம்பியன்களான ரோனி கோல்மன் பெரிய ஆளா, டோரியன் யேட்ஸ் பெரிய ஆளா என்பதுதான். போன வாரம் ஒரு பையன் போனை நீட்டினான். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு படங்கள். "பாருங்கண்ணே, ரோனி பக்கத்துல டோரியன் நிக்கவே முடியாது." அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஆணழகன் போட்டிகளில் மேடைக்குப் பின்னால் பையன்களுக்கு டேன் (தசை எடுப்பாகத் தெரியப் பூசும் கருஞ்சாயம்) பூசிவிட்டுப் பல வருஷம் நின்றவன் என்ற முறையில், அன்றைக்கு அவனிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

பெரிய தவறு, பெயரை ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டியது ஒரு குறிப்பிட்ட நாளில் மேடையேறிய உடம்பை. ரோனியும் டோரியனும் ஒரே மேடையில் நின்றவர்கள்தான். பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில், 1997ல், டோரியனுக்கு முதலிடம், ரோனிக்கு ஒன்பதாமிடம். அதோடு வழக்கு முடிந்ததா என்றால், இல்லை. டோரியனுக்கு 1994ல் இடது பைசெப்ஸ் (மேல்கையின் முன்தசை) கிழிந்திருந்தது. 1997 போட்டிக்குச் சில வாரம் முன்னால் ட்ரைசெப்ஸும் (மேல்கையின் பின்தசை) கிழிந்தது. கிழிந்த கையோடுதான் கடைசிப் பட்டத்தை வாங்கிவிட்டு ஓய்வு பெற்றார். அந்தப் பக்கம் ரோனியோ அப்போது இன்னும் முழுசாக வரவில்லை. மறு வருஷமே, 1998ல், முதல் பட்டம். 2005 வரை தொடர்ந்து எட்டு.

சரி, எந்த ரோனி? 1998ல் அவர் சுமார் 113 கிலோ. 2003ல் கிட்டத்தட்ட 130 கிலோ. முன்னதில் இடுப்பு ஒடுங்கி, கட்ஸ், அதாவது தசைகளைப் பிரித்துக் காட்டும் வெட்டுகள், கூர்மையாக இருந்தன. பின்னதில் முதுகும் தொடையும் மலை மாதிரி வந்தன, கூடவே வயிறும் முன்னுக்கு வந்தது. எனக்குப் பிடித்தவர் 1998ன் ரோனி. உங்களுக்கு 2003 பிடிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் வருஷத்தைச் சொல்லாமல் ரோனி, டோரியன் என்று பேசினால் நீங்கள் ஒருவரைப் பற்றியும் எதிரே இருப்பவர் வேறொருவரைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் படம். அந்தப் பையன் காட்டிய டோரியன் படம் 1993ல் பர்மிங்காமில் அவருடைய டெம்பிள் ஜிம்மில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். போட்டிக்கு முன் ஜிம்முக்குள் எடுத்தது. ரோனி படமோ மேடையில், டேன் பூசி, நேர் மேலே விளக்கு எரியும்போது எடுத்தது. உச்சியிலிருந்து விழுகிற வெளிச்சம் ஒவ்வொரு தசைக்கும் கீழே ஒரு நிழலைப் போட்டு வெட்டைக் காட்டும். நேருக்கு நேர் அடிக்கிற ஃபிளாஷ் அதே உடம்பைத் தட்டையாக்கிவிடும். எங்கள் ஜிம்மிலேயே ஒரு டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றால் எல்லோரும் சாம்பியன்தான். இரண்டடி தள்ளி நின்றால் பழைய உடம்பு.

ஒட்டுப்படத்தில் உயரமும் பொய் சொல்லும். ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் ஆறடி இரண்டு அங்குலம். அவருடைய நண்பரும் பாடிபில்டருமான ஃபிராங்கோ கொலம்பு ஐந்தடி ஐந்து அங்குலம். இருவரையும் ஒரே உயரத்துக்கு இழுத்து ஒட்டினால், ஃபிராங்கோவின் நெஞ்சு ஆர்னால்டின் நெஞ்சை விழுங்கிவிடும்.

எடையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். 1968ல் மயாமியில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸில் ஆர்னால்டைத் தோற்கடித்த ஃபிராங்க் ஸேன், அவரைவிட இருபது கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர். 2008 ஒலிம்பியாவில் ஜே கட்லரை வீழ்த்திய டெக்ஸ்டர் ஜாக்சனும் அவரைவிடச் சின்ன உடம்புக்காரர்தான். நம் நாட்டில் 1952 மிஸ்டர் யுனிவர்ஸில் உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் வென்ற மனோகர் ஐச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிவுகளைக் கலக்கவும் கூடாது. 2019 முதல் 2024 வரை ஒலிம்பியாவில் ஆறு முறை வென்ற கிறிஸ் பம்ஸ்டெட் கிளாசிக் பிசிக் பிரிவுக்காரர். அங்கே உயரத்துக்கு இவ்வளவுதான் எடை என்று வரம்பு உண்டு. அவரை ரோனியோடு நிறுத்தி "இவ்வளவுதானா" என்று கேட்பது நியாயமில்லை.

முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். அலங்காநல்லூர்ப் பக்கம் காளை வாங்கப் போகிறவர் கொம்பை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பாரா? நடக்கவிட்டு, திமிலைப் பார்த்து, பின்னால் போய் நின்று தொடையைப் பார்ப்பார். மேடையிலும் அப்படித்தான். நேர், பக்கவாட்டு, பின்புறம் என்று நாலு பக்கமும் திரும்பச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் போஸ்களைக் கேட்பார்கள். ஒரே போஸை இருவரும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். நடுவர் கொடுப்பது மார்க் அல்ல, இடம்: யார் ஒன்று, யார் இரண்டு. அதைக் கூட்டுவதால் குறைந்த எண் வாங்கியவர்தான் ஜெயிப்பார்.

மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா மேடையில் இதை நானே தவறவிட்டேன். எழுபது கிலோ பிரிவில் நான் டேன் பூசிவிட்ட பையனுக்கு நெஞ்சும் கையும் அபாரம். அவன்தான் என்று முடிவே செய்துவிட்டேன். எதிராளி முன்னால் பார்க்கச் சாதாரணமாக இருந்தான். இருவரையும் திரும்பச் சொன்னார்கள். எதிராளியின் தொடைப் பின்பக்கம் பனையோலை விசிறியின் மடிப்பு மாதிரி வரிவரியாகப் பிரிந்தது. முதுகின் அடிவரை ஒரு சொட்டுக் கொழுப்பில்லை. எங்கள் பையனுக்கு இடுப்புக்குக் கீழே தண்ணீர் தேங்கியது மாதிரி வழவழவென்று இருந்தது. இரண்டாமிடம்தான். தூரத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த அவன் நண்பர்கள் அநியாயம் என்று கத்தினார்கள். அவர்கள் இருந்த கோணத்தில் எதிராளியின் முதுகே தெரிந்திருக்காது.

அடுத்த முறை போட்டி பார்க்கப் போனால், ஓரத்து நாற்காலியை விட்டுவிட்டு நடுவர் மேஜைக்குப் பின்னால், நேர் நடுவில் போய் நில்லுங்கள். நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. பின்பக்க போஸ் வரும்போது போனைப் பைக்குள் வையுங்கள்.