எந்த 'வேண்டும்'?

சி++ நிரல்மொழியின் தர ஆவணத்தில், நூலகப் பகுதியில் ஒரு வரி இரண்டு விதமாகப் பொருள்படுகிறதா? திருத்தக் கோரிக்கை எழுத உட்காரும் முன் அந்த வரியை ஒரு சொல்கூட மாறாமல் நகலெடுத்து வையுங்கள். உதவித் தளங்களில் இருப்பது யாரோ ஒருவர் புரிந்துகொண்டது. என் முதல் கோரிக்கையை அப்படியொரு தளத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். நான் குறை சொன்ன சொல் மூலத்தில் இல்லவே இல்லை.

அடுத்து துணைவினையைப் பாருங்கள். இந்த ஆவணத்தை வெளியிடும் ஐஎஸ்ஓ அமைப்பின் ஆங்கில நடையில் 'ஷல்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை. தமிழில் யோசிக்கிற நமக்கு இரண்டுமே 'வேண்டும்'தான், கண்ணில் படாமல் நழுவிவிடும். நான் ஓரத்தில் ஒன்றுக்குச் 'செய்தே ஆகணும்', மற்றதற்குச் 'செய்தால் நல்லது' என்று பென்சிலால் எழுதிக்கொள்வேன்.

கணுக்களைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் லிஸ்ட்டில், எத்தனை உறுப்புகள் என்று சொல்லும் சைஸை எடுத்துக்கொள்வோம். அது மாறா நேரத்தில், அதாவது உறுப்புகள் எத்தனை இருந்தாலும் நேரம் கூடாமல், விடை தர வேண்டும் என்றது 1998-ஆம் ஆண்டுப் பதிப்பான சி++98. ஆனால் அந்த 'வேண்டும்' ஒரு ஷுட். அதனால் ஜிசிசி என்ற தொகுப்பியின் (கம்பைலர்) நூலகம் கேட்கும்போதெல்லாம் கணுக்களை முதலிலிருந்து எண்ணியது. அதில் விதிமீறல் எதுவும் இல்லை. சோம்பலும் இல்லை: எண்ணிக்கையைச் சேமித்து வைத்தால், ஒரு லிஸ்ட்டின் நடுத்துண்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் ஸ்ப்ளைஸில் எத்தனை கணு போனது என்று எண்ணியாக வேண்டும். ஒன்று வேகமானால் மற்றது இழுக்கும். சி++11 மாறா நேரத்தைக் கட்டாயமாக்கியது. ஜிசிசி 5-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது, அதுவும் பழைய ஏபிஐ, புதிய ஏபிஐ (தொகுத்து முடித்த நிரல்கள் ஒன்றோடொன்று இணையும் முறை) இரண்டையும் சேர்த்துச் சுமந்தபடி.

ஆகவே 'எது சரி' என்று வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். இரண்டு பொருளையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லுங்கள். இரண்டு பொருளுக்கும் வேறு வேறு விடை தரும் பத்து வரி நிரலைச் சேருங்கள். ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் நூலகங்கள் மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சொல்லைத் திருத்தினால் போதும், வேலை சுலபம். பிரிந்தால் அது பெரும்பாலும் வடிவமைப்புச் சண்டை, நீளும்.

அப்புறம், மாற்று வாசகம் நீங்களே தர வேண்டும் (இது 'செய்தால் நல்லது' வகைதான், ஆனால் தராதவை கிடப்பில் கிடக்கும்). உறுப்புகளை எண் வரிசையில் வைக்கும் வெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் என்று சி++98 சொல்லவில்லை. சி++03 அதைச் சேர்த்தபோது 'தொடர்ச்சியாக' என்ற சொல்லோடு நிற்காமல் ஒரு சமன்பாட்டையும் வைத்தது: அளவுக்குள் அடங்கும் எந்த n-க்கும், n-ஆவது உறுப்பின் முகவரி, பூஜ்ஜியமாவது உறுப்பின் முகவரியோடு n கூட்டியதற்குச் சமம். உண்மை/பொய் மதிப்புகளை வைக்கும் பூல் வெக்டருக்கு மட்டும் விலக்கு. இந்த அளவு துல்லியமாக எழுதுங்கள்.

பிரிவு எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதனால் பிரிவின் நிலைப்பெயரை (தலைப்பின் அருகே சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயர்) குறிப்பிடுங்கள். அனுப்பும் முன் நூலகக் குறைகளின் பட்டியலிலும் தேடிவிடுங்கள். வெக்டர் விவகாரம் அதில் 69-ஆம் எண். உங்களுடையதும் ஏற்கெனவே அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.